கண்டிப்பு யார் மேல் விழுகிறது?

மக்காவின் தொடக்க காலம். குறைஷித் தலைவர்களில் சிலர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் யார் என்பதில் அறிவிப்புகள் ஒத்துப்போவதில்லை. ஒன்று உத்பா என்கிறது, இன்னொன்று அபூஜஹ்ல் என்கிறது. ஊரின் பெரிய தலைகள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அவர்களில் ஒருவர் மனம் மாறினாலும் அடிபட்டுக்கொண்டிருக்கும் சிறு கூட்டத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். அந்த நேரம் பார்த்து, பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் வருகிறார். தனக்கு மார்க்கத்தைக் கற்றுத் தரும்படி கேட்கிறார், விடாமல் கேட்கிறார். நபியவர்களின் முகம் சுளிக்கிறது. அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். நடந்தது அவ்வளவுதான். அதற்காகக் குர்ஆனின் 80-ஆம் அத்தியாயம் இறங்குகிறது. அதன் முதல் பத்து வசனங்களும் இந்த ஒரு முகச்சுளிப்பைப் பற்றியவை.

இதில் காயம்பட்டவர் யாருமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வந்தவருக்குக் கண் தெரியாது; முகம் சுளித்ததை அவர் பார்த்திருக்க வழியில்லை. கடுஞ்சொல் ஏதும் சொல்லப்படவில்லை. தலைவர்களோடு பேச்சைத் தொடர்ந்ததும் சொந்த ஆதாயத்துக்காக அல்ல. சாதாரண நியாயத்தில் இது தவறு என்றே பதிவாகாது. சபை நாகரிகம் தெரிந்த எவரும் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்லியிருக்கக்கூடிய இடம். 12-ஆம் நூற்றாண்டு இமாம் ஃபக்ருத்தீன் ராஸி தமது விரிவுரையில் இந்தக் கேள்வியை ஒளிக்காமல் எழுப்புகிறார்: கண் தெரியாவிட்டாலும் காது கேட்கும் அல்லவா, பேச்சு நடப்பது தெரிந்தும் குறுக்கிட்டவர் அல்லவா கண்டிக்கப்பட வேண்டியவர்? அவர் தரும் பதிலின் சாரம், பணக்காரரை முன்னிறுத்தி ஏழையின் மனத்தை உடைப்பதுபோன்ற தோற்றம் அந்தச் செயலில் இருந்தது என்பது. தோற்றம் என்ற அளவில்கூட அது அனுமதிக்கப்படவில்லை.

வசனங்கள் அமைந்திருக்கும் முறையும் பார்க்கத் தக்கது. முதலில் யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல, முகம் சுளித்தவர் என்று படர்க்கையில் தொடங்குகிறது. இரண்டு வசனம் கழித்துத்தான் முன்னிலைக்குத் திரும்பி, உமக்கு என்ன தெரியும், அவர் தூய்மை பெறக்கூடும் அல்லவா என்கிறது. விரிவுரையாளர்கள் சிலர் இந்தப் படர்க்கையை மென்மையின் அடையாளமாகக் காண்கிறார்கள். நேருக்கு நேர் 'நீர் சுளித்தீர்' என்று சொல்லாமல் விட்டது ஒரு சலுகை என்கிறார்கள். எதிர்ப்பக்கமாக, படர்க்கையில் பேசுவதே கடுமை என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் கோபித்துக்கொண்ட பெரியவர் நம்மைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசும் அனுபவம் யாருக்கு இல்லை? எனக்கு முதல் வாசிப்பே சரியாகப் படுகிறது. ஏனென்றால் கண்டிப்பின் அடுத்த அடியே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. காரணம் சொல்லும் கோபம் புண்படுத்துவதற்காக வந்ததாக இருக்க முடியாது.

இஸ்லாமிய மரபில் இதற்கு 'இதாப்' என்று பெயர். இறைவன் தன் தூதரையும் தூதரின் தோழர்களையும் இடித்துரைக்கும் வசனங்கள் குர்ஆனில் பரவிக் கிடக்கின்றன. நம் பயான் மேடைகளில் இவற்றை எடுத்துப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் போகிறார்கள்: முஹம்மது நபி தாமே இயற்றிய நூலாக இருந்தால் தம்மைத் தாமே கண்டித்திருப்பாரா, ஆகவே இது இறைவேதம். வாதம் வலுவற்றது அல்ல. 33-ஆம் அத்தியாயத்தின் 37-ஆம் வசனம் பற்றி நபியவர்களின் மனைவி ஆயிஷா அவர்கள் சொன்னதாக வரும் ஹதீஸ் இதன் பழைய வடிவம்தான்: நபியவர்கள் வஹீயில் எதையேனும் மறைப்பவராக இருந்திருந்தால் அந்த வசனத்தைத்தான் மறைத்திருப்பார்கள். மக்கள் என்ன சொல்வார்களோ என்ற தயக்கத்தை அம்பலப்படுத்தும் வசனம் அது. ஆனால் விவாத மேடையில் மாற்று மதத்தாரை வாயடைக்கப் பயன்படும் ஆயுதமாக மட்டும் ஆகிவிட்டால், அந்த வசனங்கள் யாரைத் திருத்த வந்தனவோ அவர்களை விட்டு விலகிப்போய்விடும். ஏழையைக் கண்டு முகம் திருப்பாதே என்ற பாடத்தைப் படிக்க வேண்டியவர்கள், பாடப்புத்தகம் அசல்தான் என்று நிரூபித்துவிட்டு எழுந்து போகிறார்கள்.

இந்த முறையின் பலம் எங்கே இருக்கிறது? முதலில் திசையில். கண்டிப்பு மேலிருப்பவர் மேல் விழுகிறது. சுற்றிலும் இருந்தவர்களில் எல்லா அதிகாரமும் யாரிடம் குவிந்திருந்ததோ அவரிடமிருந்தே கணக்குத் தொடங்குகிறது. தபூக் படைப்பயணத்துக்கு வராமல் நழுவ அனுமதி கேட்டவர்களுக்கு நபியவர்கள் இளகி அனுமதி கொடுத்துவிட்டார்கள். 9:43 அதைக் கேள்வி கேட்கிறது. அங்கே மன்னித்துவிட்டதாக முதலில் சொல்லப்படுகிறது, ஏன் அனுமதித்தீர் என்ற கேள்வி அதற்குப் பிறகே வருகிறது. மனைவியரின் மனத்துக்காகத் தமக்கு ஆகுமான ஒன்றை விலக்கிக்கொண்டதைக் கேட்கும் 66-ஆம் அத்தியாயமும் அப்படியே: கேட்ட கையோடு, செய்த சத்தியத்திலிருந்து விடுபடும் வழியையும் காட்டிவிடுகிறது. உஹத் போரில் நின்ற இடத்தை விட்டு இறங்கிய வில்லாளிகளால் நேர்ந்த இழப்பு சாதாரணமானதல்ல. எழுபது பேர் உயிர் போயிற்று. அதைப் பேசும் 3:152-லேயே மன்னிப்பும் வந்துவிடுகிறது. சில வசனம் தள்ளி, அதே தோழர்களிடம் மென்மையாக நடந்து, அவர்களைக் கலந்தாலோசித்து முடிவெடுக்கும்படி நபியவர்களுக்குச் சொல்லப்படுகிறது. தவறு செய்தவர்களை ஆலோசனைக் கூட்டத்திலிருந்து நீக்கச் சொல்லவில்லை. நம் ஊர் நிர்வாகக் குழுக்களில் ஒருமுறை சறுக்கியவரை மறுபடி நாற்காலியில் உட்காரவைப்பது எவ்வளவு அரிது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அவதூறு நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. அபூபக்ரின் மகள் ஆயிஷா அவர்கள் மேல் சுமத்தப்பட்ட பழியைப் பரப்பியவர்களில் மிஸ்தஹும் ஒருவர். அவர் அபூபக்ரின் உறவினர், ஏழை, அபூபக்ரின் பணத்தில் வாழ்ந்தவர். மகள் குற்றமற்றவள் என்று வஹீ வந்த பிறகு, இனி இவருக்கு ஒன்றும் தரமாட்டேன் என்று அபூபக்ர் சத்தியம் செய்தார். எந்தத் தகப்பன்தான் செய்யமாட்டான்? ஆனால் 24:22 அவரை நிறுத்துகிறது. வசதி உள்ளவர்கள் உறவினருக்கும் ஏழைக்கும் கொடுக்கமாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டாம்; இறைவன் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா என்று கேட்கிறது. அபூபக்ர் விரும்புகிறேன் என்றார், உதவியைத் தொடர்ந்தார். பழி பரப்பியவர்களுக்குக் கசையடி என்ற தண்டனை தனியாக இருக்கிறது. அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் பாதிக்கப்பட்டவரின் தகப்பனிடம், உன் கோபம் நியாயம்தான், அதைக்கொண்டு ஓர் ஏழையின் சாப்பாட்டில் கைவைக்காதே என்று சொல்லப்படுகிறது. அநீதிக்கு உள்ளானவனையும் கண்டிக்க முடியும் என்ற இந்த நுட்பம் எனக்குத் தெரிந்த அறநூல்களில் அரிதாகவே கிடைக்கிறது.

இதே வரிசையில் 4-ஆம் அத்தியாயத்தின் 105 முதல் வரும் வசனங்களையும் வைக்கலாம். மதீனாவில் ஒரு திருட்டு. திருடியவரின் குலத்தார் பழியை வேறொருவர் மேல் போட்டு நபியவர்களிடம் பரிந்து பேசுகிறார்கள். பழி சுமந்தவர் ஒரு யூதர் என்று விரிவுரை நூல்கள் பலவற்றில் காணப்படுகிறது. மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று வஹீ தடுக்கிறது. நம் ஆள் என்ற பாசத்துக்கு எதிராக இறங்கிய கண்டிப்பு.

இனி சங்கடமான பகுதி. இறைக் கண்டிப்பு எப்போதும் கருணையின் பக்கமே சாய்கிறது என்று எழுதுகிறவர்கள் 8:67-ஐ வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். 624-இல் நடந்த பத்ருப் போரில் எதிரிகள் எழுபது பேர் கைதாயினர். பணயத் தொகை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்றார் அபூபக்ர். கொன்றுவிடலாம் என்றார் உமர். நபியவர்கள் அபூபக்ரின் யோசனையை ஏற்றார்கள். மறுநாள் உமர் வந்து பார்க்கும்போது இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள் என்று முஸ்லிம் தொகுப்பில் வருகிறது. கைதிகளைப் பிடித்ததற்காக, உலக ஆதாயத்தை நாடியதற்காக அந்த வசனம் கடிகிறது. எளிதில் இளகும் வாசகருக்கு இது உறுத்தத்தான் செய்யும். போர் முடிவாகும் முன்பே கைதிகளைச் சேர்ப்பதில் இறங்கியதுதான் குற்றம், விடுதலை செய்தது குற்றமில்லை என்று விளக்கம் உண்டு. 47:4 கைதிகளைக் கருணையாகவோ பணயம் பெற்றோ விடலாம் என்கிறது. பணயத் தொகையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லப்படவில்லை. விளக்கங்கள் என்னை ஓரளவே அமைதிப்படுத்துகின்றன. இந்த வசனம் ஒரு குறிப்பிட்ட போர்க்களத்தோடு கட்டப்பட்டது. அந்தக் களத்திலிருந்து பெயர்த்து எடுத்தால் ஆபத்து. கண்டிப்பின் மூலம் அறம் கற்பிக்கும் முறைக்கே உள்ள ஒரு குறை இங்கே தெரிகிறது. கட்டளைக்குச் சூழல் குறைவாக இருந்தாலும் போதும். கண்டிப்புக்குச் சூழல் முழுக்கத் தெரிய வேண்டும். யாரிடம், எப்போது, எதற்காகச் சொல்லப்பட்டது என்பது நழுவினால் எஞ்சுவது கோபம் மட்டுமே. அந்தச் சூழலோ குர்ஆனுக்குள் இல்லை. இறங்கிய காரணங்களைச் சொல்லும் அறிவிப்புகளில் இருக்கிறது. அவை ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. 66-ஆம் அத்தியாயத்தில் நபியவர்கள் விலக்கிக்கொண்டது தேனை என்கிறது ஓர் அறிவிப்பு, மாரியா என்ற பெண்ணை என்கிறது இன்னொன்று. 80-ஆம் அத்தியாயத்தில் முகம் சுளித்தவரே நபியவர்கள் அல்ல, அங்கிருந்த உமைய்யா குலத்தவர் ஒருவர் என்று ஷியா அறிஞர்கள் வாதிடுகிறார்கள். 11-ஆம் நூற்றாண்டின் ஷரீஃப் முர்தழா முதல் கடந்த நூற்றாண்டின் தபாதபாயீ வரை. நபிக்கு அந்தக் குணம் பொருந்தாது என்பது அவர்கள் தரப்பு. மரியாதையிலிருந்து பிறந்த வாதம்தான். ஆனால் அதை ஏற்றால் அந்தப் பத்து வசனங்களின் கல்வி மதிப்பு பெரும்பகுதி கரைந்துவிடும். கெட்டவனைக் கண்டித்ததில் என்ன பாடம் இருக்கிறது?

பெயர் சொல்லாமை அடுத்த பலம். நபியவர்கள் காலத்து எதிரிகளில் குர்ஆன் பெயர் குறிப்பிடுவது அபூலஹபை மட்டுமே. தோழர்களில் பெயரோடு வருபவர் ஸைத் ஒருவர்தான். அதுவும் கண்டிப்பதற்காக அல்ல. நயவஞ்சகர்களைப் பற்றி வசனம் வசனமாகப் பேசும்போதும் ஒருவர் பெயரும் இல்லை. நபியவர்களின் பழக்கமும் இதுதான். யாரேனும் தவறு செய்தால் மிம்பரில் ஏறி, சிலருக்கு என்ன வந்தது, இப்படி இப்படிச் செய்கிறார்களே என்பார்கள். செய்தவருக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. திருந்தும் வாய்ப்பு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அந்த இடைவெளியை நாம் அடைத்துவிட்டோம். 9:75 முதல் 77 வரை, செல்வம் கிடைத்தால் தர்மம் செய்வேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கிடைத்ததும் கைமூடிக்கொண்ட சிலர் பேசப்படுகிறார்கள். பெயர் இல்லை. விரிவுரை நூல்களில் புகுந்த ஒரு கதை அங்கே ஸஃலபா இப்னு ஹாத்திப் என்ற பெயரைக் கொண்டுவந்து பொருத்தியது: ஆட்டு மந்தை பெருகப் பெருகத் தொழுகையை விட்டார், ஜகாத்தை மறுத்தார், நபியவர்களும் அவர்களுக்குப் பின் வந்த கலீஃபாக்களும் அவர் பணத்தை ஏற்க மறுத்தார்கள், அப்படியே செத்தார். கதை கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸஃலபா பத்ரில் கலந்துகொண்ட தோழர். இந்த அறிவிப்பின் தொடர் பலவீனமானது என்று இப்னு ஹஸ்ம் மறுத்திருக்கிறார், இப்னு ஹஜர் ஐயப்பட்டிருக்கிறார். இருந்தும் ரமளானில் ஜகாத் பற்றிய பயானுக்குப் போனால் ஸஃலபாவின் ஆடுகள் இன்றைக்கும் மேய்ந்துகொண்டிருக்கின்றன. இறைவன் மறைத்த பெயரை, மனிதன் தவறான ஆளின் நெற்றியில் ஒட்டினான். ஆயிரம் ஆண்டுகளாக ஒரு நல்ல மனிதர் மேல் பழி ஓதப்படுகிறது. கண்டிப்பு நிரந்தரமான நூலில் பதிவாகும்போது வரும் ஆபத்து இது: ஒரு மாலையில் முடிந்திருக்க வேண்டிய வெட்கம் தலைமுறை தலைமுறையாக நீளும்.

இந்த முறையின் உச்சத்தையும் எல்லையையும் ஒருசேரப் பார்க்க விரும்புகிறவர் கஅப் இப்னு மாலிக்கின் நீண்ட ஹதீஸைப் படிக்க வேண்டும். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. முதுமையில் கஅப் பார்வை இழந்த பிறகு அவரைக் கைபிடித்து நடத்திய மகனே இதை அறிவிக்கிறார். கஅப் தம் வாயால் சொன்னது. 630-இல் தபூக் பயணம். நல்ல வெயில், பழங்கள் கனிந்திருக்கும் காலம். கஅபுக்கு வசதி இருந்தது, வாகனம் இருந்தது. நாளைக்குக் கிளம்பலாம், நாளைக்குக் கிளம்பலாம் என்று தள்ளிப்போட்டார்; படை தூரம் போய்விட்டது. நபியவர்கள் திரும்பி வந்ததும் பின்தங்கிய எண்பதுக்கு மேற்பட்டவர்கள் வந்து ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். வெளிப்பேச்சு ஏற்றுக்கொள்ளப்பட்டது, உள்ளத்தின் கணக்கு இறைவனிடம் விடப்பட்டது. கஅபும் பேச்சில் வல்லவர்தான், கவிஞர் வேறு. ஆனால் எனக்கு ஒரு காரணமும் இல்லை என்று உண்மையைச் சொன்னார். அவரைப்போலவே முராரா, ஹிலால் என்று இருவர். இந்த மூவரோடு யாரும் பேசக்கூடாது என்று உத்தரவாயிற்று.

ஐம்பது இரவுகள். மற்ற இருவரும் வீட்டுக்குள் முடங்கி அழுதார்கள். கஅப் இளையவர், தொழுகைக்கு வந்தார், கடைவீதியில் நடந்தார், சலாம் சொன்னார். பதில் சொல்ல நபியவர்களின் உதடு அசைகிறதா என்று உற்றுப் பார்ப்பார். பக்கத்தில் நின்று தொழுதுகொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பார். தாம் தொழுகையில் ஈடுபடும்போது நபியவர்கள் தம்மைப் பார்ப்பதும், தாம் திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் தெரியும். ஒருநாள் தாங்கமுடியாமல் ஒன்றுவிட்ட சகோதரர் அபூகதாதாவின் தோட்டச் சுவர் ஏறிக் குதித்து, நான் அல்லாஹ்வையும் தூதரையும் நேசிப்பது உமக்குத் தெரியாதா என்று கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது, அல்லாஹ்வும் தூதரும் நன்கு அறிவார்கள் என்று மட்டும் பதில் வந்தது. கண்ணீரோடு மறுபடி சுவர் ஏறித் திரும்பினார். கஸ்ஸான் நாட்டு மன்னனிடமிருந்து, எங்களிடம் வாரும், உம்மைக் கௌரவிக்கிறோம் என்று கடிதம் வந்தது. இதுவும் சோதனைதான் என்று அடுப்பில் போட்டார். ஐம்பதாவது நாள் காலை ஸல்உ மலையிலிருந்து ஒருவர் நற்செய்தியைக் கூவினார். மூவரின் மன்னிப்பும் 9:118-இல் ஓதப்பட்டது. செய்தி கொண்டுவந்தவருக்குத் தம் இரண்டு ஆடைகளையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, இரவல் ஆடை உடுத்திப் பள்ளிக்கு ஓடினார் கஅப்.

கண்டிப்பு இங்கே வேலை செய்தது என்பதில் ஐயமில்லை. எப்படி வேலை செய்தது என்பதுதான் கேள்வி. ஒளித்துப் பார்த்த அந்தப் பார்வை அதற்குப் பதில் சொல்கிறது. விலக்கியவரின் கண் விலக்கப்பட்டவர் மேலேயே இருந்தது, அதை விலக்கப்பட்டவரும் அறிந்திருந்தார். முடிவு உண்டு என்ற நம்பிக்கை இருந்தது. சொத்து பறிக்கப்படவில்லை, தொழுகைக்கு வரத் தடையில்லை. நாற்பதாம் நாள் மனைவியரை விட்டு விலகியிருக்கும்படி உத்தரவு வந்தது. எந்தத் தவறும் செய்யாத பெண்களுக்கும் இதில் பங்கு விழுந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஹிலாலின் மனைவி நேரே நபியவர்களிடம் போய், அவர் வயதானவர், பணிவிடைக்கு ஆளில்லை என்று முறையிட்டபோது அனுமதி கிடைத்தது. முறையீட்டுக்குக் கதவு திறந்திருந்தது.

அந்த எண்பது பேர் என்ன ஆனார்கள்? அவர்களைக் குறித்து இறங்கிய வசனங்கள் மிகக் கடுமையானவை. ஆனால் பொய் சொன்னவர்கள் அன்று எந்தச் சிரமமும் இல்லாமல் வீடு போனார்கள். உண்மை சொன்னவர்கள் ஐம்பது நாள் துடித்தார்கள். கஅபின் குலத்தார்கூட நீயும் ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாமே என்று அவரை நச்சரித்தார்கள். கண்டிப்பு என்பது ஏற்கெனவே அன்பும் மனசாட்சியும் உள்ளவரிடம் மட்டும் பலிக்கும் மருந்து. இல்லாதவனிடம் அது காதோடு போய்விடும். ஒரு சமூகம் முழுவதற்குமான அறக்கல்வியாக இதை வைக்க முடியாது. வைத்தால் நேர்மையானவன் அதிகம் அடிபடுவான், சாமர்த்தியசாலி தப்பிப்பான். பள்ளிக்கூட வகுப்பறையிலும் இதுதானே நடக்கிறது.

குர்ஆனில் கண்டிப்பவர் உள்ளத்தை அறிந்தவர், கண்டிப்பதால் தமக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லாதவர். மனிதன் இந்த முறையைக் கையில் எடுக்கும்போது இந்த இரண்டும் அவனிடம் கிடையாது. குரலை மட்டும் இரவல் வாங்கிக்கொள்கிறான். நான் ஓதிய மக்தபில் அம்ம ஜுஸ்உ மனப்பாடம் ஒப்பிக்கும்போது 80-ஆம் அத்தியாயத்தில் தடுமாறினால் உஸ்தாதின் பிரம்பு பேசும். எளியவனிடம் முகம் சுளிக்காதே என்று சொல்லும் வசனங்கள் ஏழு வயதுப் பிள்ளைகளின் உள்ளங்கையில் இப்படித்தான் பதிந்தன. அன்றைக்கு யாருக்கும் அது முரணாகத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் மரபு இதை எச்சரிக்காமல் இல்லை. பத்தாண்டுகள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ், தம்மை ஒருமுறைகூட 'ச்சீ' என்று சொன்னதில்லை, ஏன் செய்தாய் என்றோ ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்கிறார். மேலிருந்து கண்டிக்கப்பட்டவர் கீழிருந்த சிறுவனிடம் அதை இறக்கி வைக்கவில்லை. குடித்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பிடிபட்ட ஒருவரைச் சபித்தவர்களை, அவர் அல்லாஹ்வையும் தூதரையும் நேசிப்பவர் என்று நபியவர்கள் தடுத்தது புகாரியில் இருக்கிறது. தண்டனை கொடுத்தார்கள், சபிக்க விடவில்லை. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் ஆசிரியருக்குரிய கடமைகளைச் சொல்லும் இடத்தில், மாணவனைக் குறிப்பால் திருத்து, வெளிப்படையாகத் திட்டாதே, திட்டினால் ஆசிரியர் மேலுள்ள மரியாதைத் திரை கிழிந்து அவன் துணிந்துவிடுவான் என்கிறார். அவருக்கு இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் வந்த இப்னு கல்தூன், கடுமையில் வளரும் பிள்ளை அடிக்குப் பயந்து பொய்யும் சூதும் பழகி, கடைசியில் அதுவே அவன் இயல்பாகிவிடும் என்று முகத்திமாவில் எழுதியிருக்கிறார். குர்ஆனிலேயே யூசுஃப் நபி, தம்மைக் கிணற்றில் போட்ட சகோதரர்கள் கைகட்டி நிற்கும்போது, இன்று உங்கள் மேல் எந்தக் கண்டனமும் இல்லை என்கிறார். மக்கா வெற்றியின்போது நபியவர்கள் அதே வார்த்தையைச் சொன்னதாக வரலாற்று நூல்களில் வருகிறது. கண்டிக்க முழு உரிமையும் இருந்த இரண்டு நேரங்கள் அவை.

ஆக, இறைக் கண்டிப்பு அறக்கல்வி முறையாக எனக்கு மிக உயர்ந்ததாகவே படுகிறது, ஒரு நிபந்தனையோடு: அதைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறவனுக்கு. பிறர் மேல் எறிகிறவன் கையில் அதே வசனம் கல்லாகிவிடுகிறது. ஒரு ஜமாஅத் தலைவர் 80-ஆம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, நேற்று உதவி கேட்டு வந்த கைம்பெண்ணைத் திண்ணையில் காக்கவைத்துவிட்டு முதலாளி ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தால், வசனம் தன் வேலையைச் செய்கிறது. அவரே 9:118-ஐ எடுத்து, கேள்வி கேட்ட ஒருவனைத் தள்ளிவைக்க ஆதாரமாக்கினால் திசை தலைகீழாகிறது. தமிழ்நாட்டில் ஊர்விலக்கம் புதிதல்ல. தக்கலையில் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல், எழுதிய ஒரு கட்டுரைக்காக 2007-இல் ஊர்விலக்கம் செய்யப்பட்டதைப் பலரும் அறிவார்கள். கல்யாணத்துக்கு அழைக்காதே, மையித்துக்குப் போகாதே என்று எழுத்தில்லாமல் நடக்கும் விலக்கங்கள் எத்தனையோ. அவற்றுக்கு ஐம்பதாம் நாள் என்று ஒன்று கிடையாது. விலக்கியவர்கள் ஓரக்கண்ணால் பார்ப்பதும் இல்லை.

ஊர் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாரையாவது தள்ளிவைப்பதாக அடுத்த கூட்டத்தில் பேச்சு எழுந்தால், தீர்மானப் புத்தகத்தைத் திறக்கும் முன் கஅபின் ஹதீஸை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சபையில் சத்தமாக வாசியுங்கள். ஹிலாலின் மனைவி வந்து நின்ற இடத்தையும் விட்டுவிடாதீர்கள்.